கரு கலைந்தால் ஹெப்பாரின் ஊசியா? ரத்தம் உறைவதும் கர்ப்பமும்

நஞ்சுக்கொடி பிரிந்த அடுத்த கணமே கருப்பையின் உட்சுவரில் அகலமான ஒரு காயம் திறந்துகொள்கிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி வரை ரத்தம் போகிறது. அது தடையில்லாமல் கொட்டினால் தாயின் உடம்பிலுள்ள மொத்த ரத்தமும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் காலியாகிவிடும். ஆனாலும் பெரும்பாலான பெண்கள் அரை லிட்டருக்குள் இழந்துவிட்டு எழுந்து உட்காருகிறார்கள். முதலில் கருப்பைத் தசை இறுகி, தன் நார்களுக்கு இடையே ஓடும் ரத்தக்குழாய்களை நெரித்து மூடுகிறது. அப்புறம் ரத்தம் உறைந்து அடைக்கிறது. இந்த இரண்டாவது வேலைக்கு உடம்பு பிரசவ நாள்வரை காத்திருப்பதில்லை. முதல் மூன்று மாதங்களிலேயே தயாரிப்பைத் தொடங்கிவிடுகிறது.

ரத்தம் உறையப் பல புரதங்கள் வரிசையாக ஒன்றையொன்று தூண்ட வேண்டும். இவற்றுக்குத்தான் உறைதல் காரணிகள் என்று பெயர். ரோமன் எண்களால் குறிப்பார்கள். கர்ப்பத்தில் 7, 8, 10 ஆகிய காரணிகளும் வான் வில்லிபிராண்ட் காரணியும் ஏறுகின்றன. வலையாகப் பின்னிக்கொள்ளும் ஃபைப்ரினோஜன், சாதாரணமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருப்பது, கடைசி மாதங்களில் 400 முதல் 600 வரை போகிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் எஸ் குறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையை மட்டுப்படுத்தும் ஒரு புரதத்தை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. ஆக, உறைவது எளிதாகிறது, கரைவது கடினமாகிறது.

இதனால் கர்ப்பத்தில் எடுக்கும் சில ரிப்போர்ட்டுகள் ஆளைக் குழப்பிவிடும். புரோட்டீன் எஸ் குறைவு என்று வந்தால் அது பெரும்பாலும் கர்ப்பத்தின் வேலை. பரம்பரைக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பிரசவமாகி சில வாரங்கள் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்கான டி-டைமர் எல்லாக் கர்ப்பிணிக்கும் ஏறும். சிவப்பு எழுத்தில் அச்சான எண்ணைப் பார்த்துப் பதறி இணையத்தில் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. அதுதான் ஆபத்தானது. பிரசவ ரத்தப்போக்கின்போது ஃபைப்ரினோஜன் 200 என்று வந்தால், லேப் தாளில் அது 'நார்மல்' எல்லைக்குள்தான் இருக்கும். 500இல் இருந்த பெண் 200க்கு இறங்கியிருக்கிறாள் என்பதை அந்தத் தாள் சொல்லாது. பிரான்சில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ரத்தப்போக்கின் தொடக்கத்திலேயே 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கு நிலைமை கடுமையாவது உறுதி என்று காட்டியது. அன்றிலிருந்து பிரசவ அறையில் ஃபைப்ரினோஜன் கவனத்துடன் பார்க்கப்படும் எண்ணாகிவிட்டது.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் சமயங்களில் இந்தச் சரிவு இன்னும் வேகமாக நடக்கும். நஞ்சுக்கொடியில் உறைதலைத் தூண்டும் பொருள் ஏராளம். அது தாயின் ரத்தத்தில் கலந்தால் உடம்பெங்கும் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உருவாகி, காரணிகள் எல்லாம் செலவாகித் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஊசி குத்திய இடத்திலிருந்துகூட ரத்தம் நிற்காமல் கசியும். உறைதல் மிகுந்ததாலேயே உறைய முடியாமல் போகும் நிலை இது. பனிக்குட நீர் தாயின் ரத்த ஓட்டத்தில் புகும் அரிய நிகழ்விலும் இதேதான் நடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு ஜப்பானியத் தம்பதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடாகோ ஒகாமோடோ, ஷோசுகே ஒகாமோடோ. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் வசதிகள் குறைவு. ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதற்கு, வேண்டுமென்றால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தை 1962இல் கண்டறிந்தார்கள். பிரசவ ரத்தப்போக்குக்கு அது உதவும் என்பது உடாகோவின் ஆசை. அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'வுமன்' ஆய்வு 2017இல் வெளியானது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால், ரத்தப்போக்கால் சாவது 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைகிறது. தாமதமானால் பலன் இல்லை. விலை மலிவான மருந்து. இந்தியாவில் மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்று மருந்துக்கடையில் நிற்கும் பெண்களுக்குக்கூடத் தெரிந்த மாத்திரையின் ஊசி வடிவம்தான். முடிவு வெளியாவதற்கு ஓராண்டு முன்பு, 98 வயதில், உடாகோ காலமாகிவிட்டார்.

ரத்தப்போக்கிலிருந்து காக்க உடம்பு செய்யும் ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. தேவையில்லாத இடத்திலும் ரத்தம் உறையும். கர்ப்பிணிக்குச் சிரையில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். அப்படியும் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டுதான். பெரும்பாலும் இடது காலில் வரும். இடுப்பில் இடது சிரையின் மேல் வலது தமனி குறுக்கே போவதால், வளர்ந்த கருப்பையின் அழுத்தத்தில் அந்தச் சிரை நசுங்குகிறது. கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் 'மசக்கை வீக்கம், நீர் கோத்திருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபத்து உச்சத்துக்குப் போவது பிரசவத்துக்குப் பின் வரும் ஆறு வாரங்களில். நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பிரசவமான இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் வராமல் போவது என்று வரும் பெண்களுக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் இதைப் பற்றிப் பல காலமாக எழுதி வருகின்றன. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது, எழுந்து நடமாட விடக் கூடாது என்ற பழக்கம் இதற்கு உதவி செய்கிறதோ என்ற சந்தேகம் மருத்துவர்களிடம் நெடுநாளாக உண்டு. பத்திய உணவின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீரைத் தடுக்கும் பாட்டிகளோடு இந்த விஷயத்தில் ஒத்துப்போக முடியாது. ரத்தமும் தண்ணீரும் இழந்துவந்த உடம்பு, அதுவும் உறையத் தயாராக இருக்கும் ரத்தத்தோடு, படுத்தே கிடக்கிறது. இதில் சிசேரியன், அதிக உடல் எடை, ரத்தசோகை, தொற்று ஏதாவது சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதுவரை சொன்னதில் பெரிய சர்ச்சை இல்லை. சர்ச்சை தொடங்குவது கருச்சிதைவில்.

1993இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் டால்பேக், சில குடும்பங்களில் உறைதலின் கடிவாளம் வேலை செய்யாமல் போவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரில் ரோகியர் பெர்டினாவின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. ஐந்தாம் காரணியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஊரின் பெயராலேயே அது ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஆயிற்று. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் ஐந்து பேரிடம் இது இருக்கிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அரிது. 1996இல் அதே ஊரிலிருந்து, இன்னொரு உறைதல் காரணியான புரோத்ராம்பினின் மரபணுவில் ஏற்படும் மாற்றம் பற்றிய செய்தி வந்தது. சிரைகளில் கட்டி வர இவை காரணமாவது உண்மைதான். அப்படியானால் நஞ்சுக்கொடியிலும் கட்டி வந்து கரு கலையாதா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. கேட்டார்கள். சில ஆய்வுகள் ஆமாம் என்றன. 2004இல் பிரான்சின் நீம் நகரில் 160 பெண்களிடம் நடந்த ஆய்வில், இப்படிப்பட்ட மரபணுக் குறையோடு ஒரு கருவை இழந்தவர்களில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 29 சதவீதமும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போட்டவர்களுக்கு 86 சதவீதமும் குழந்தை பிறந்ததாக வந்தது. இப்படி ஓர் எண்ணைப் பார்த்தபின் எந்த மருத்துவருக்குத்தான் கை சும்மா இருக்கும்? உலகம் முழுக்க வயிற்றில் போடும் அந்த ஊசி பரவியது.

கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தக் கோட்பாட்டில் ஓர் ஓட்டை தெரிந்திருக்கும். கருச்சிதைவுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நடப்பவை. அந்தக் காலத்தில் நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தம் சரியாகப் பாய்வதே இல்லை. கருவின் செல்கள் தாயின் ரத்தக்குழாய் முனைகளைத் தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கின்றன; பத்துப் பன்னிரண்டு வாரத்தில்தான் அந்த அடைப்பு முழுதாக விலகுகிறது. ஏழாவது வாரத்தில் ரத்தம் உறைந்து கரு போயிற்று என்றால், எந்த ரத்தம்? அதோடு, தொடக்கத்தில் கலையும் கருக்களில் பாதியளவுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதை எந்த ஊசியும் சரிசெய்யாது.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 2010இல் நெதர்லாந்தின் 'அலைஃப்' ஆய்வு: காரணம் தெரியாமல் கரு கலைந்த 364 பெண்கள், ஆஸ்பிரினாலும் பலன் இல்லை, ஊசியாலும் இல்லை. 2014இல் கனடாவின் மார்க் ரோஜர் தலைமையில் 'டிப்ஸ்' ஆய்வு: மரபணுக் குறையும் ஆபத்தும் உள்ள கர்ப்பிணிகள் 292 பேர், மாதக்கணக்கில் தினமும் ஊசி, வித்தியாசம் இல்லை. கடைசியாக 2023இல் 'அலைஃப் 2'. இது கேள்வியை நேராகவே கேட்டது. பரம்பரை உறைதல் குறையும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளும் உள்ள 326 பெண்களில் பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு இல்லை. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. போடாதவர்களில் 71 சதவீதம்.

இந்த 71ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊசி போட்டுக் குழந்தை பெற்ற பெண்ணுக்கு அது ஊசியால் கிடைத்த குழந்தையாகத்தான் தெரியும். அவள் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதையே சொல்வாள். மருத்துவரும் அதே நினைவோடுதான் அடுத்த நோயாளிக்கு எழுதுவார். போடாதிருந்தாலும் பிறந்திருக்கும் என்பதை ஒரு தனி ஆளின் அனுபவத்திலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கருவைப் பறிகொடுத்தவளிடம் 'ஒன்றும் செய்யாமல் காத்திரு' என்று சொல்வது மருத்துவருக்கும் கஷ்டம், கேட்பவளுக்கும் கஷ்டம். ஆனால் எட்டு ஒன்பது மாதம் தினமும் வயிற்றில் குத்திக்கொள்ளும் வலியும், ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போவதும், மாதாமாதம் ஆகும் செலவும் சும்மா வருவதில்லை.

நம் ஊர் லேப்களில் ரத்தம் மிகுதியாக உறையும் குறைகளைத் தேட 'த்ராம்போஃபிலியா பேனல்' என்று ஒரு கட்டுப் பரிசோதனை விற்கிறார்கள். அதில் எம்.டி.எச்.எஃப்.ஆர் என்ற மரபணுவும் சேர்ந்தே வரும். இந்த மரபணுவின் மாற்றங்கள் மக்களிடையே மிகச் சாதாரணம். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013லேயே, கருச்சிதைவுக்காக இதைப் பரிசோதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் 'பாசிட்டிவ்' என்று அச்சடித்த தாளோடு குடும்பத்தில் பழிச்சொல் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஐரோப்பியர்களிடம் மிகுந்திருக்கும் குறையை, அரிதாக இருக்கும் மக்களிடம் எல்லோருக்கும் தேடுவதும் காசுக்குக் கேடுதான். முன்பு காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்திருந்தால், அல்லது நெருங்கிய உறவினருக்கு இளவயதில் வந்திருந்தால், கதை வேறு. அவர்களுக்கு இந்த ஊசி தேவைப்படலாம். அது தாயைக் கட்டியிலிருந்து காக்க.

கருச்சிதைவுக்கு ஊசி உண்மையிலேயே உதவும் ஒரு நோய் உண்டு. அது பரம்பரையாக வருவதில்லை. 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். தன் உடம்பின் செல் சவ்வுகளோடு ஒட்டும் புரதங்களுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. தொடர்ந்து மூன்று முறை தொடக்கக் கருச்சிதைவு, பத்து வாரத்துக்குப் பின் நல்ல வளர்ச்சியுள்ள கரு இறப்பது, ரத்தக்கொதிப்பு கடுமையாகி 34 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வேண்டிவருவது ஆகியவை இதன் அடையாளங்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்று மூன்று பரிசோதனைகள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தும் அப்படியே வர வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகுகூட சில வாரங்கள் இது பாசிட்டிவ் காட்டும். இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நோய் உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும். 1997இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 90 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்துக்கும் ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், இங்கும் ஹெப்பாரின் ரத்தம் உறைவதைத் தடுத்துத்தான் கருவைக் காக்கிறதா என்பது சந்தேகம். 2004இல் நியூயார்க்கில் எலிகளிடம் சோதித்தபோது, உறைதலை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் கருவைக் காக்கவில்லை. ஹெப்பாரின் காத்தது. காம்ப்ளிமென்ட் எனப்படும் அழற்சிப் புரதங்களை அது அடக்கியதுதான் காரணம் என்று அந்தக் குழு சொன்னது. கர்ப்பத்தில் ஹெப்பாரினைத் தேர்ந்தெடுக்க வேறொரு எளிய காரணமும் உண்டு: அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் தாண்டும், முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கும்.

உறைதல் மிகுதியைத் தேடி இத்தனை செலவு செய்கிற நாம், உறைதல் குறைவால் கரு கலைவதைப் பெரும்பாலும் நினைத்துப்பார்ப்பதே இல்லை. பதின்மூன்றாம் காரணி என்று ஒன்று உண்டு. வரிசையில் கடைசி. ஃபைப்ரின் இழைகள் வலையாகப் பின்னிய பிறகு அவற்றைக் குறுக்கே பிணைத்து இறுக்குவது இதன் வேலை. இது இல்லாவிட்டால் ரத்தம் உறையும், ஆனால் கலவை வைக்காமல் அடுக்கிய செங்கல் சுவர் மாதிரி, சில மணி நேரத்தில் சரிந்துவிடும். ரத்தப்போக்கு தாமதமாக, அடுத்த நாள்கூடத் தொடங்கும். இந்தக் குறை உள்ள முதல் நோயாளியை 1960இல் சுவிட்சர்லாந்தில் அடையாளம் கண்டார்கள். உலக அளவில் இருபது லட்சம் பேருக்கு ஒருவர் என்று சொல்லப்படும் அரிய நோய். ஆனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் இது கூடுதலாகத் தென்படும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கத்தில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்வரிசையில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இந்த நோயாளிகளைப் பற்றியும் அவர்களின் மரபணு மாற்றங்களைப் பற்றியும் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது.

பதின்மூன்றாம் காரணி இல்லாத பெண்ணுக்கு, மருந்து இல்லாவிட்டால், கரு ஏழு எட்டு வாரத்தைத் தாண்டுவது அரிது. கருவைக் கருப்பைச் சுவரில் பிடித்துவைக்கும் படலம் சரியாக உருவாவதில்லை. ஃபைப்ரினோஜன் அறவே இல்லாத பெண்களுக்கும் இதே கதிதான். வித்தியாசம் என்னவென்றால், ஃபைப்ரினோஜன் இல்லாவிட்டால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற வழக்கமான பரிசோதனைகளிலேயே தெரிந்துவிடும். பதின்மூன்றாம் காரணி இல்லாவிட்டால் அவை இரண்டும் நார்மல் என்றே வரும். பிளேட்லெட்டும் நார்மல். 'ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை' என்று ரிப்போர்ட் சொல்லிவிடும். போதாக்குறைக்கு, காரணம் தெரியாத கருச்சிதைவு என்று இவளுக்கும் ஹெப்பாரின் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள்.

கண்டுபிடிக்கும் வழியோ எளியது. உறைந்த ரத்தத்தை யூரியா கரைசலில் போட்டு ஒரு நாள் வைத்துப் பார்ப்பது. கரைந்துவிட்டால் குறை இருக்கிறது. கடுமையான குறையை இது காட்டிக்கொடுக்கும்; மிதமானதை அளக்கத் தனிப் பரிசோதனை வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். இந்தப் பெண் பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா? பெரும்பாலான நோயாளிகளிடம் இது நடந்திருக்கும். அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ கட்டாயம் நினைவிருக்கும். அவளோடு பிறந்த குழந்தை யாராவது மூளையில் ரத்தம் கசிந்து இறந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ரத்தம் உறையாத நோய்களில் இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926இல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளில் எரிக் வான் வில்லிபிராண்ட் விவரித்த நோயில், கர்ப்பத்தின்போது அந்தக் காரணி தானாகவே ஏறுவதால் பலருக்குப் பிரசவம் நல்லபடியாக நடந்துவிடும். ஆனால் குழந்தை பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அது பழைய அளவுக்கு இறங்கும்; வீட்டுக்குப் போனபின் ரத்தப்போக்கு தொடங்குவது அப்போதுதான். ஹீமோஃபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களில் ஏ வகையினருக்கு எட்டாம் காரணி கர்ப்பத்தில் ஏறிக் கைகொடுக்கும். பி வகையினருக்கு ஒன்பதாம் காரணி அப்படி ஏறுவதில்லை. பிரசவத்துக்கு முன்பே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பதின்மூன்றாம் காரணிக் குறைக்கு மருந்து உண்டு, அதுவும் தினமும் வேண்டாம். ஏற்றிய காரணியில் பாதி ஏறக்குறைய பத்து நாள் கழித்தும் உடம்பில் இருக்கும். கொஞ்சமாக இருந்தாலே வேலை நடக்கும். அதனால் சாதாரண நாள்களில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். கர்ப்பத்தில் அளவு இறங்குவதால் அடிக்கடி பார்த்து, சாதாரண அளவில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். கரு உருவானது தெரிந்த உடனேயே தொடங்கியாக வேண்டும். எட்டாவது வாரம் ஸ்கேன் வரட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். தனியாகப் பிரித்தெடுத்த மருந்து கிடைக்காத இடங்களில் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, ரத்த வங்கியின் கிரையோபிரிசிபிடேட் பை இந்த வேலையைச் செய்கிறது. இப்படிப் பிறக்கும் குழந்தை எப்படியும் அந்த மரபணுவைச் சுமக்கும். கணவர் சொந்தக்காரர் என்றால் அவருடைய ரத்தத்தையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. அவரும் சுமப்பவராக இருந்தால் குழந்தைக்கு நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தொப்புள் காயும்வரை குழந்தை நல மருத்துவர் கூடவே இருக்க வேண்டும்.